வாட்ச் கேஸை பாலிஷ் போடக் கொடுக்கும் முன்

அப்பாவின் எச்எம்டி வாட்சை வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்தபோது, "ஸ்டீல்தான், நல்லா தேய்ங்க" என்று சொன்னது நான்தான். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்ததை நம்பிச் சொன்னேன். திரும்பி வந்தபோது விளிம்பெல்லாம் மஞ்சள் தெரிந்தது. அந்த எழுத்துக்கு மூடி மட்டுமே ஸ்டீல் என்று பொருள். பழைய எச்எம்டி மாடல்கள் பலவற்றில் மேல் கேஸ், அதாவது இயந்திரத்தைச் சுற்றியுள்ள கூடு, பித்தளை; அதன் மேல் குரோம் முலாம். முலாம் தேய்ந்து போனால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் வராது. கேஸைத் தனியாகக் கழற்றி மறுபடி முலாம் பூசத்தான் வேண்டும்.

மேற்பரப்பு என்னவென்று தெரியாமல் பாலிஷுக்குக் கொடுக்கும் இதே தவறு இன்றைய விலை உயர்ந்த வாட்சுகளிலும் நடக்கிறது, நஷ்டம்தான் இன்னும் பெரிது. வாட்சுகளில் வழக்கமாக வரும் 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கடினம், உலோகக் கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் சுமார் 200. பாலாற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் அதைவிடப் பல மடங்கு கடினம். அதனால்தான் காட்பாடி வரை பைக்கில் போய்வந்து, தூசி படிந்த வாட்சைச் சட்டை நுனியால் துடைத்தாலே கோடு விழுகிறது. முதலில் தூசியை ஊதிவிடுங்கள், அல்லது மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். துடைப்பதெல்லாம் அப்புறம்.

கீறலைத் தடுக்கச் சில கம்பெனிகள் ஸ்டீலின் மேற்பரப்பையே கெட்டியாக்குகின்றன. ஜெர்மனியின் சின் (Sinn) என்ற வாட்ச் கம்பெனி 'டெஜிமென்ட்' என்று சொல்வது இந்த வகை. மேல்தோலின் கடினம் சுமார் 1200 விக்கர்ஸ். குறைந்த சூட்டில் கார்பனை ஸ்டீலுக்குள் ஊடுருவ விடுகிறார்கள். கெட்டியான பகுதி சில பத்து மைக்ரான்தான், தலைமுடித் தடிமன்கூட இல்லை. கறுப்பு டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) பூச்சு இன்னும் மெல்லியது, சில மைக்ரான் மட்டுமே.

இப்படிப்பட்ட கேஸை பாலிஷ் போடச் சுழலும் பஃப் சக்கரத்தில் வைப்பதுதான் பெரிய தவறு. சாதாரண பாலிஷ் மருந்து அந்தத் தோலை எளிதில் அறுக்காது. பளபளப்பு வரவில்லையே என்று பட்டறைக்காரர் இன்னும் அழுத்துவார். சக்கரம் அதிகம் உராயும் மூலைகளில் தோல் முதலில் போய், உள்ளே மெத்தென்ற ஸ்டீல் எட்டிப்பார்க்கும். மூலைக்கும் நடுவுக்கும் மினுமினுப்பு வேறாகிவிடும், வெளியே வந்த இடம் மட்டும் சீக்கிரம் கீறிக்கொண்டே இருக்கும். இதை ஊரில் யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கம்பெனியிடம் கேட்டுப் புது கேஸ் மாற்றுவதுதான் பெரும்பாலும் வழி.

கெட்டியாக்கிய வாட்சுக்கு எதுவும் ஆகாது என்று நினைப்பதும் தவறு. முட்டை ஓடு மாதிரிதான்: மேலே கடினம், கீழே இளக்கம். கோட்டைச் சுவரின் கருங்கல்லில் இடித்தால் குழி விழும். அந்தக் குழியைத் தேய்த்து எடுக்கவும் முடியாது.

பட்டறையில் சூடேற்றி நைட்ரைடிங் (நைட்ரஜனை ஏற்றி ஸ்டீலைக் கெட்டியாக்குவது) செய்து வாங்கிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதிகச் சூட்டில் ஸ்டீலில் உள்ள குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்துவிடும். துருவைத் தடுக்க அங்கே குரோமியம் மிஞ்சாது. வேலூர் கோடை வியர்வையில் அந்த கேஸ் துருப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

சரி, எந்தப் பூச்சும் இல்லாத வெறும் ஸ்டீல் என்று உறுதியானால் தாராளமாக பாலிஷ் போடலாம். ஆனால் இயந்திரம், சாவி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கோடு கோடாக இழை ஓடும் இடத்தை ஒரே திசையில் மட்டும் தேய்க்க வேண்டும், பக்கத்திலுள்ள பளபளப்பான பகுதியை டேப் ஒட்டி மறைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் உலோகம் போகிறது. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் கூர்மை மழுங்கினால் திரும்ப வராது, ஆகவே சின்னக் கீறலுக்கெல்லாம் ஓடாதீர்கள். வேலை முடிந்ததும் புது ரப்பர் வளையம் போட்டு, நீர் புகாமல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக் கருவி கடையில் இல்லையென்றால், அது இருக்கும் கடைக்கே போங்கள்.