ஒகோனோமியாகி சாஸ்: வீட்டில் செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

ஜப்பானிய முட்டைக்கோஸ் அடையான ஒகோனோமியாகிக்குச் சாஸ் தேடினால் பெரும்பாலான குறிப்புகள் ஒரே கணக்கைத்தான் சொல்லும்: வூஸ்டர் சாஸ், தக்காளி கெட்சப், சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ், சர்க்கரை, எல்லாவற்றையும் கலக்கு, முடிந்தது. கலந்து விரலில் தொட்டு நக்கினால் ருசி ஏறக்குறைய வந்தமாதிரிதான் இருக்கும். சுடச்சுட இருக்கும் முட்டைக்கோஸ் அடையின் மேல் ஊற்றும்போதுதான் குறை தெரியும். நிற்காமல் ஓரமாக வழிந்து தட்டில் தேங்கிவிடும். அடைக்கு மேலே ஒரு பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும்.

இந்தச் சிக்கல் ஜப்பானியர்களுக்கும் இருந்தது. போருக்கு முன் மாவை மெல்லியதாக ஊற்றிச் சுட்டு, மேலே வூஸ்டர் சாஸ் தடவி, ஒரு சென் காசுக்குச் சிறுவர்களுக்கு விற்றார்கள். 1945க்குப் பிறகு, அணுகுண்டு அழித்த ஹிரோஷிமாவில் அந்தச் சிறு தீனிதான் தள்ளுவண்டிகளில் முட்டைக்கோஸும் மாவும் அடுக்கிய முழுச் சாப்பாடாக வளர்ந்தது. நீர்த்த வூஸ்டர் சாஸ் அதன்மேல் தங்கவில்லை. வழிந்து இரும்புக் கல்லில் விழுந்து வற்றிப்போனது. கடைக்காரர்களின் இந்தக் குறையைக் கேட்டுத்தான் ஹிரோஷிமாவின் ஒடாஃபுகு நிறுவனம் 1952இல் ஒகோனோமியாகிக்கென்றே கெட்டியான சாஸைக் கொண்டுவந்தது. ஆக, அடையில் ஒட்டி நிற்பதற்காகவே பிறந்த சாஸ் இது. வீட்டில் செய்யும்போது நடக்கும் தவறுகளில் பாதி, அந்தக் கெட்டித்தன்மையை எதிலிருந்து கொண்டுவருவது என்பதில்தான் நடக்கின்றன.

நம் கை முதலில் போவது சோளமாவுக்கு. நானும் அதைத்தான் செய்தேன். அடுப்பில் பளபளவென்று அழகாகத் திரண்டு வந்தது. ஆறியதும் அல்வாத் துண்டுபோல இறுகியது. மறுநாள் பார்த்தால் தண்ணீர் தனியே பிரிந்து நின்றது. வூஸ்டர் சாஸிலும் கெட்சப்பிலும் உள்ள வினிகரின் புளிப்பில் வெறும் சோளமாவை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது திரட்டும் வலுவையும் இழந்துவிடும். கடை பாட்டில்களிலும் ஸ்டார்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். அது புளிப்பையும் சூட்டையும் தாங்கும்படி பதப்படுத்தியது. நம் டப்பாவில் இருக்கும் மாவு அப்படியல்ல.

கெட்டித்தன்மை பழத்திலிருந்து வரட்டும். ஒடாஃபுகு சாஸில் பேரீச்சம்பழம் சேர்கிறது. அதன் உருண்டையான, நாக்கில் தங்கும் இனிப்புக்கு அதுவே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சம்பழம் ஆறு எடுத்து, கால் கப் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, அந்த நீரோடு மிக்ஸியில் மைய அரையுங்கள். அரைத்ததை வடிகட்டாமல் விடுவதும் ஒரு தவறு. தோல் துணுக்குகள் நாக்கில் நெருடும். இந்த விழுதுடன் வூஸ்டர் சாஸ் நான்கு மேசைக்கரண்டி, கெட்சப் மூன்று, ஆய்ஸ்டர் சாஸ் ஒன்று, சோயா சாஸ் ஒன்று. துருவிப் பிழிந்த ஆப்பிள் சாறு இரண்டு கரண்டி இருந்தால் இன்னும் நல்லது. சர்க்கரை தேவைப்படாது. சர்க்கரையை மட்டும் நம்பிச் செய்தால் இனிப்பு முன்னால் பாயும், உப்பு பின்னால் உறைக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது.

வூஸ்டர் சாஸ் என்ற பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு வேறு. ஆங்கிலேயரின் மூலச் சாஸில் புளியும் நெத்திலியும் உண்டு. கூர்மையான புளிப்பு, தண்ணீர்ப் பதம். ஜப்பானில் செய்வது காய்கறி, பழங்களின் சாரம் கூடிய, இனிப்பு மிகுந்த வகை. அங்கே இவற்றைக் கெட்டித்தன்மையை வைத்தே அரசுத் தரப்படி மூன்றாகப் பிரிக்கிறார்கள்: நீர்த்தது வூஸ்டர், நடுத்தரம் சூனோ, மிகக் கெட்டியானது நோகோ. உங்களிடம் இருப்பது ஆங்கிலேய வகையென்றால் மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொண்டு ஆப்பிள் சாற்றைக் கூட்டுங்கள். சைவக்காரர்கள் பாட்டில் லேபிளைப் படிக்காமல் ஊற்ற வேண்டாம். ஆய்ஸ்டர் சாஸுக்குப் பதில் காளானில் செய்த சைவ வகை கிடைக்கிறது.

டெரியாகி சாஸை ஊற்றி இதுதான் அது என்று நினைப்பவர்களும் உண்டு. அது சோயாவும் மிரின் என்ற இனிப்பான அரிசி மதுவும் சேர்ந்த வேறு குடும்பம். பழமும் வினிகரும் மசாலாவும் இல்லாமல் இந்த ருசி வராது.

அடுப்பைப் பெரிதாக எரியவிடாதீர்கள். கெட்சப்பிலும் பழத்திலும் உள்ள இனிப்பு சட்டென்று அடிப்பிடிக்கும், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் துழாவினால் கெட்சப்பின் பச்சை வாசம் போய்விடும். சூடாக இருக்கும்போதே சரியான பதம் வந்துவிட்டதாகத் தெரிந்தால், தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக நகர்ந்தால் இறக்கிவிடலாம்.

ருசி பார்க்கும்போது இன்னொரு தவறு. கரண்டியில் தனியாக நக்கிப் பார்த்து, உறைக்கிறதென்று தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். இந்தச் சாஸ் தனியாகச் சாப்பிடுவதற்கல்ல. உப்புக் குறைந்த மாவு, தண்ணீர் விடும் முட்டைக்கோஸ், மேலே மயோனைஸ் என எல்லாமே அதை மட்டுப்படுத்தும். வெந்த முட்டைக்கோஸ் ஒரு துண்டில் தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள். உப்பைத் தனியாகச் சேர்க்கவே வேண்டாம், நான்கு பாட்டில்களிலும் அது இருக்கிறது. பூண்டு, மிளகாய்த்தூள் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு சாஸ்.

ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழம் சேர்வதால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. முதல் நாளைவிட மறுநாள் புளிப்பு அடங்கி, எல்லாம் ஒன்றோடொன்று கூடியிருக்கும். முந்தின இரவே செய்துவைக்க முடிந்தால் அப்படிச் செய்யுங்கள்.

கடைசித் தவறு ஊற்றுவதில். அடை வேகும்போதே சாஸை ஊற்றித் திருப்பிப் போட்டால் கல்லில் கரியாகும், மாவும் நமுத்துப்போகும். இருபுறமும் வெந்து சிவந்த பிறகு, மேல்பக்கம் மட்டும், பிரஷ்ஷால் ஓரம்வரை தடவுங்கள். அதன்மேல் மயோனைஸ் கோடுகள், பிறகு பச்சைக் கடற்பாசித் தூள், கடைசியாகச் சூட்டில் நெளியும் கட்சுவோபுஷி என்ற கருவாட்டுச் சீவல். தடவும்போது இரண்டு சொட்டு சூடான கல்லில் சிந்தட்டும். ஒகோனோமியாகிக் கடையின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாசனை அதுதான்.