4294967297 பகா எண்ணா? சறுக்கும் இடங்கள்

இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297 வரும். நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பெரிய எண்ணின் குணங்களை ஆராயப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியவில்லை. சறுக்க வாய்ப்புள்ள இடங்கள் இதில் அத்தனை இருக்கின்றன.

முதலில், வரிசையை நம்பிவிடுவது. இரண்டின் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் வரிசையில் இது ஆறாவது. 3, 5, 17, 257, 65537 என்று இதற்கு முன்னால் வரும் ஐந்தும் பகா எண்கள். 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று நம்பினார். அவ்வளவு பெரிய மேதையே நம்பியது தவறானது. 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் இதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். அந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்தது, பாதியில் நிறுத்துவது. இலக்கங்களைக் கூட்டினால் 59, அதனால் 3 வகுக்காது. 7, 11, 13 என்று நூறு வரை எதுவும் வகுக்காது. உடனே ‘சரி, பகா எண்தான்’ என்று முடித்துவிடக் கூடாது. வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை பார்க்க வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் உள்ளன. 641 அவற்றில் 116-ஆவது. ஆனால் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுக்க மீதி 1 வரும் என்று ஆய்லரே நிறுவியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தலில் வேலை முடிந்தது!

கருவியை அப்படியே நம்புவதும் ஆபத்து. வர்க்கமூலத்தை எட்டு இலக்கத்துக்குச் சுருக்கினால் வெறும் 65536 என்று நிற்கும். முழு வர்க்கம் என்று தோன்றிவிடும். கடைசி இலக்கம் 7 என்பதைப் பார்த்தாலே போதும், எந்த வர்க்கமும் 7-இல் முடியாது. நிரல் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குறியில்லாத 32 பிட் மாறியில் 4294967295 வரைதான் கொள்ளும். நம் எண்ணை அதில் போட்டால் 1 ஆகிவிடும். நிரலும் காரணியே இல்லை என்று சொல்லும்.

2-ஐ அடியாக வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையும் இங்கே ஏமாற்றும். ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு அடியை உயர்த்தி அந்த எண்ணால் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பதுதான் இந்தச் சோதனை. இந்த எண்ணால் வகுத்தால் 2-இன் 64-ஆம் அடுக்கு மீதி 1 தருகிறது, சோதனைக்கு வேண்டிய அடுக்கான 4294967296-உம் 64-இன் மடங்கு, அதனால் சோதனையில் தேறியே தீரும். 3-ஐ அடியாக வைத்தால் தேறாது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசித் தவறு. 65536² + 1² என்று இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிவதால், பகா எண் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். பகா எண்ணாக இருந்தால் அப்படி ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். இதையோ 62264² + 20449² என்றும் எழுதலாம். 641 யார் கண்ணிலும் படாமல் போயிருந்தால்கூட, இது பகு எண் என்பதற்கு இந்த இரண்டாவது கூடுதலே போதும்.