பெட்ரோல் ஏற மறுக்கும் பழைய வண்டி: குறையைத் தேடும் முறை

டர்பன், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கங்களில் இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சிட்டி கோல்ஃப், டாஸ், நிசான் 1400 பக்கி (சிறு பிக்கப் வண்டி) போன்ற பழைய வண்டிகளில் எந்த வண்டிக்கும் ஒரு நாள் வரக்கூடிய தொல்லை இது. டேங்க் பாதிகூட நிறைந்திருக்காது. பம்புக் குழாயின் கைப்பிடியுள்ள முனையான நாசில் ‘டக்’ என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் இரண்டு லிட்டர் போகும், மீண்டும் நிற்கும். சில வேளை பெட்ரோல் டேங்கின் வாய் வழியாகத் திரும்பி வந்து வண்டியின் பெயின்ட் மீது வழியும். பெரிய வெள்ளியன்று தீமிதிக்குப் போகிற வழியில், பின்னால் பத்து வண்டிகள் காத்து நிற்கும்போது இது நேர்ந்தால் படுகிற சங்கடத்தைச் சொல்லத் தேவையில்லை.

தென்னாப்பிரிக்காவில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், வண்டிக்காரர் பெரும்பாலும் உள்ளே அமர்ந்தபடி அந்தச் சத்தத்தை மட்டும் கேட்கிறார். குறையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் அவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே முதல் வேலை, இறங்கிப் போய் நாசிலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது. டேங்க் காலியாக இருக்கும்போதே நிற்கிறதா, பாதிக்கு மேல்தான் நிற்கிறதா, நிற்கும்போது உள்ளே களகளவென்று சத்தம் கேட்கிறதா, மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று சீறுகிறதா என்பவற்றைக் கவனித்து வைத்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து எதைக் கழற்றுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நாசில் ஏன் நிற்கிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிது. அதன் நுனிக்கருகே ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் பாயும்போது அந்தத் துளை வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. துளையைப் பெட்ரோலோ நுரையோ மூடிய கணத்தில் அந்த இழுப்பு ஒரு சவ்வின் மேல் திரும்பி, கைப்பிடியைப் பிடித்திருக்கும் கொக்கியை விடுவித்துவிடும். டேங்க் நிறைந்ததா, வாயிலிருந்து டேங்குக்குப் போகும் நிரப்புக் குழாய் மட்டும் நிறைந்ததா என்று நாசிலுக்குத் தெரியாது. சாதாரண பம்பு நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் வரை தள்ளும்; அப்படியானால் வினாடிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் காற்று டேங்கை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு வழியில்லாமல் போகும்போது பெட்ரோல் குழாயிலேயே தேங்கி மேலே ஏறுகிறது. எனவே நாம் தேடுவது பெரும்பாலும் பெட்ரோலின் வழியில் உள்ள அடைப்பை அல்ல, காற்றின் வழியில் உள்ள அடைப்பை.

வண்டியின் மீது பழி போடுவதற்கு முன் பம்பைச் சோதிக்க வேண்டும். வேறொரு கராஜில் (பெட்ரோல் பங்கில்), வேறொரு பம்பில், கைப்பிடியைப் பூட்டி விட்டுவிடாமல் கையால் பாதி அளவே அழுத்தும்படி தொழிலாளியிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. நாசிலைச் சற்று வெளியே இழுத்தோ பக்கவாட்டில் திருப்பியோ பிடித்தால் சரியாக ஏறுகிறது என்றால், பெட்ரோல் குழாயின் வளைவில் மோதித் திரும்பித் துளையை மூடுகிறது என்று பொருள். ஈயமில்லாப் பெட்ரோலுக்கென்று வந்த வண்டிகளில் வாய்க்குள் ஒரு சிறு ஸ்பிரிங் கதவு இருக்கும். அது துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொண்டாலும் இதே விளைவுதான். பழைய டீசல் பக்கி வைத்திருப்பவர்கள் லாரிகளுக்கான வேகப் பம்பைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் டீசல் நுரைத்து எழும்.

மெதுவாக விட்டாலும் நிற்கிறது என்றால் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, திறந்த வெளியில் இந்த வேலையைச் செய்யுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். சூடாகும் பல்பு விளக்கை அடியில் கொண்டுபோகாமல் டார்ச்சையே பயன்படுத்துங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பின்சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால் வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும்.

பின்சக்கரத்துக்கு மேலே உள்ள மறைப்பை அகற்றினால் பெரும்பாலான வண்டிகளில் வாயிலிருந்து டேங்குக்கு இரண்டு குழாய்கள் போவது தெரியும். தடித்தது பெட்ரோல் இறங்கும் வழி. அதன் பக்கத்தில் விரல் தடிமனில் இருப்பது ப்ரீதர் பைப் என்கிற காற்றுக் குழாய். குற்றவாளி பெரும்பாலும் இந்த மெல்லிய குழாய்தான். டோ-பார் (ட்ரெய்லர் இழுக்கும் கம்பி) பொருத்தியபோதோ டேங்கை ஒரு முறை இறக்கி ஏற்றியபோதோ அது மடங்கிப்போயிருக்கலாம். நடுவில் தொட்டில்போலத் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கிக் காற்றை மறிக்கும். பாதி டேங்க் வரை ஒழுங்காக ஏறிவிட்டுப் பிறகு துப்புகிற வண்டிகளில் இதை முதலில் பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் காற்று வெளியேறும் முனையையே குளவி மண்ணை வைத்து அடைத்துவிட்டிருக்கலாம்.

வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் ரப்பர் குழாயை நம்ப வேண்டாம். கிளிப்புகளைத் தளர்த்தி இரு முனைகளையும் கழற்றி, குழாயைத் தனியே எடுத்து, ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்து மறுமுனை வழியே பாருங்கள். பழைய குழாய்களில் உள்ளடுக்கு தனியே உரிந்து நாக்குப்போல உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு திசையில் ஊதினால் காற்று போகும், மறுதிசையில் அந்த நாக்கு மூடிக்கொள்ளும். ஆகவே சைக்கிள் பம்பால் இரு திசையிலும் ஊதிப் பார்க்க வேண்டும். வாயை வைத்து உறிஞ்சாதீர்கள். குழாய் டேங்கோடு இணைந்திருக்கும்போது கம்ப்ரசர் காற்றை ஒருபோதும் செலுத்தாதீர்கள்; டேங்க் பிதுங்கிவிடும், அல்லது பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும்.

மாற்றுக் குழாய் வாங்கும்போது பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் குழாயும் தோட்டத்துக் குழாயும் அளவில் பொருந்தினாலும் பெட்ரோலில் ஊறி உப்பிச் சில மாதங்களில் மறுபடி அடைத்துக்கொள்ளும். ஸ்க்ராப் யார்டில் எடுக்கும் ரப்பரும் நம்முடையதைப் போலவே வயதானது என்பதால், அங்கே உலோக நிரப்புக் குழாயை மட்டும் தேடுவது நல்லது. கடலோரத்து உப்புக் காற்றில் அந்த உலோகக் குழாய் உள்ளுக்குள் துருவேறிச் செதில் செதிலாக உதிரும். மெரெபேங்க், இசிப்பிங்கோ போன்ற இடங்களில் வாசலிலேயே நிற்கிற வண்டிகளில் இதையும் பார்த்துவிட வேண்டும்.

குழாய்கள் இரண்டும் சுத்தமாக இருந்தும் தொல்லை தீரவில்லையானால், வண்டியில் கேனிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும் கரி நிரம்பிய கறுப்பு டப்பா அது. கார்பரேட்டர் காலத்து வண்டிகள் பலவற்றில் இருக்காது. நாசில் நின்ற பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கணக்கை முழு ராண்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஆவி போக வேண்டிய வழியில் அப்போது பெட்ரோலே போய்க் கரி நனைந்து கெடுகிறது. டேங்கிலிருந்து கேனிஸ்டருக்கு வரும் குழாயைக் கேனிஸ்டர் பக்கம் கழற்றிவிட்டு, பெட்ரோலுக்கென அங்கீகரிக்கப்பட்ட கேனிலிருந்து புனல் வழியே சில லிட்டர் ஊற்றிப் பாருங்கள். இப்போது தடையில்லாமல் இறங்கினால் கேனிஸ்டரையோ அதன் காற்று வால்வையோ மாற்ற வேண்டும். அப்போதும் மெல்ல ஊற்றினால் இறங்கி, வேகமாக ஊற்றினால் களகளத்துப் பொங்கினால், டேங்கின் தலைப்பகுதியில் உள்ள வால்வு சிக்கியிருக்கக் கூடும். எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும் தேங்கினால், தடித்த குழாயில் முன்பு கண்ணில் படாத அடைப்பு இருக்கிறது.

ஜோஹானஸ்பர்க் போய் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, டேங்கில் சூடேறிய பெட்ரோல் அதிகமாக ஆவியாகிறது. அங்கே மூடியைத் திறந்தால் சிறிது சீறல் கேட்பது இயல்பே. சீறல் அடங்கும் வரை மூடியைப் பாதி திருகி நிறுத்தி, பிறகு பெட்ரோல் போடச் சொல்லுங்கள். கீழே டர்பனிலேயே, நின்றிருந்த வண்டியிலும் ஒவ்வொரு முறையும் பலமாகச் சீறுகிறது, அல்லது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது என்றால் மூடியின் காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும்.

டேங்கை இறக்க வேண்டிய வேலை, அதன் மேல் வால்வை மாற்றும் வேலை, வெல்டிங் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். காலி டேங்கில் மிஞ்சியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். முறையாகக் கழுவி ஆவி நீக்காத டேங்கில் பொறி படக் கூடாது. எந்தப் பழுதைச் சரிசெய்திருந்தாலும், கால் டேங்கிலிருந்து தொடங்கி முதல் ‘டக்’ வரை மட்டும் நிரப்பி, உடனே குனிந்து ஒவ்வொரு கிளிப்பின் கீழும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியைக் கிளப்புங்கள்.