"இயற்கைக்கு நல்லது" பண்றேன்னு கிளம்பி நான் பண்ணின தப்புகள்

மூணு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு திடீர்னு ஒரு வேகம் வந்துச்சு. சமையலறை அலமாரில இருந்த பிளாஸ்டிக் டப்பா எல்லாத்தையும் எடுத்து ஒரு பெரிய கவர்ல போட்டு (அந்த கவரும் பிளாஸ்டிக் தான், அப்ப அது உறைக்கல) குப்பைல கடாசிட்டு, அன்னிக்கு சாயங்காலமே கண்ணாடி ஜாடி, ஸ்டீல் டப்பா, மூங்கில் பிரஷ், டிசைன் டிசைனா துணிப்பைன்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுத் தள்ளினேன். எல்லாம் வந்து சேர்ந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்குள்ள காத்தடைச்ச பிளாஸ்டிக் பை, அதுக்கு மேல சுத்தி சுத்தி டேப். என் மனைவி எல்லாத்தையும் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "நல்லா இருந்த டப்பாவ எதுக்குங்க தூக்கிப் போட்டீங்க?"

என்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்கு, அதான் எழுதறேன்.

பெரும்பாலானவங்க இங்க தான் சறுக்கறாங்க, ஏற்கனவே வீட்ல இருக்கற பொருளைத் தூக்கிப் போட்டுட்டு "நல்ல" பொருள் வாங்கறது. அந்த டப்பா செய்ய எண்ணெய் எடுத்தாச்சு, உருக்கியாச்சு, லாரில வந்தாச்சு, அதுக்கான புகை எல்லாம் எப்பவோ மேல போயாச்சு. இனிமே அதை எவ்வளவு நாள் வச்சுக்கறோமோ அவ்வளவுக்கு லாபம். சூடா எதையும் அதுல ஊத்தாதீங்க, மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, அவ்வளவு தான். கீறல் விழுந்து பழசாச்சா, ஆணி, பட்டன், விதை, ரப்பர் பேண்ட் போட்டு வைங்க. உடையற வரைக்கும் அதுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துட்டே தான் இருக்கும்.

துணிப்பை கதை இன்னும் மோசம். ஒரு நாள் கதவுக்குப் பின்னாடி தொங்கறதை எண்ணிப் பாத்தேன், 14 பை. சிலது நான் வாங்கினது, சிலது ஏதோ கூட்டத்துல சும்மா கொடுத்தது. பிரிட்டன் சுற்றுச்சூழல் ஏஜென்சி 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, ஒரு பருத்திப் பை சாதாரண மெல்லிசு பிளாஸ்டிக் கவரை விட பூமி சூடாகிற விஷயத்துல நல்லதுன்னு சொல்லணும்னா அதை குறைஞ்சது 131 தடவை பயன்படுத்தணுமாம். டென்மார்க் அரசாங்கம் 2018ல பண்ணின கணக்குல பருவநிலைக்கு மட்டும்னா 52 தடவை, ஆனா ஓசோன், தண்ணி அது இதுன்னு எல்லாத்தையும் சேத்தா 7,100 தடவை. இந்த 7,100ஐப் பிடிச்சுக்கிட்டு "பாத்தியா பிளாஸ்டிக் தான் நல்லது"ன்னு வாட்சப்ல சுத்தவிட்டாங்க, அது அரைகுறைப் படிப்பு. அவ்வளவு பெரிய நம்பர் வந்ததுக்குக் காரணம் ஓசோன்ங்கற அந்த ஒரு அளவுகோல், அதுவும் போக கவர் காத்துல பறந்து ஆத்துலயும் கடல்லயும் போய் சேர்றதை அந்த ஆய்வு கணக்குலயே எடுக்கல. நான் எனக்கு எடுத்துக்கிட்டது 131ஐ. வாரத்துக்கு ரெண்டு தடவை கடைக்குப் போனா ஒரு பைக்கு ஒண்ணே கால் வருஷத்துல கணக்கு நேராயிடும், ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. என்கிட்ட 14 இருந்துச்சே, அதுக்கு 1,834 தடவை, அதாவது 17 வருஷத்துக்கு மேல! பை நல்லது தான், பதினாலு பை நல்லது இல்ல. இதுக்கெல்லாம் மேல, பை கதவுல தொங்குது, நான் கடைல கையை வீசிட்டு நிக்கறேன், இது எத்தனை தடவை நடந்திருக்கும்னு கேக்காதீங்க. இப்ப ஒண்ணை மடிச்சு வண்டி சாவி பக்கத்துலயே வச்சுட்டேன்.

அடுத்தது அந்த முக்கோணம். பாட்டிலுக்கு அடில மூணு அம்புக்குறி, நடுவுல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. ரொம்ப வருஷமா அதைப் பாத்தாலே "ஆஹா ரீசைக்கிள் ஆகும்"னு நிம்மதியா போட்டுட்டு வந்தேன். அது அந்த அர்த்தமே இல்ல. 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்காரங்க சங்கம் கொண்டுவந்த குறியீடு அது, என்ன வகைப் பிளாஸ்டிக்னு மட்டும் தான் சொல்லும். 1ன்னா பெட் (PET), தண்ணி பாட்டில் வகை. 2ன்னா கெட்டியான பாலிஎத்திலீன், ஷாம்பு பாட்டில் மாதிரி. 5 பாலிப்ரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோல் குடும்பம். 7ன்னா "மத்ததெல்லாம்", எதுல சேக்கறதுன்னு தெரியாத கூட்டம். 1, 2 பாட்டிலை நிறைய எடத்துல எடுத்துப்பாங்க, மத்தது ஊருக்கு ஊர் மாறும், உங்க குப்பையை எடுக்கறவங்க கிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், நாம தான் கேக்கவே மாட்டோம். எண்ணெய் ஒட்டின டப்பாவை அப்படியே காகிதத்தோட சேத்துப் போடறதும் வேஸ்ட், அது கூட இருக்கற நல்ல காகிதத்தையும் கெடுத்துடும்.

2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுவரைக்கும் உலகத்துல உண்டான பிளாஸ்டிக் குப்பை மொத்தத்துக்கும் கணக்கு போட்டுப் பாத்தாங்க. 2015 வரைக்கும் ரீசைக்கிள் ஆனது 9 சதவீதம் தான், 12 சதவீதம் எரிச்சாச்சு, மிச்சம் 79 சதவீதம் குப்பை மேட்டுலயோ வெளிலயோ கிடக்குது. அதனால "எப்படியும் ரீசைக்கிள் ஆயிடும்"னு சொல்லிக்கிட்டு வாங்கறது நம்மள நாமே ஏமாத்திக்கறது.

"மக்கும்"னு அச்சடிச்ச கப்புலயும் ஏமாந்திருக்கேன். ஒண்ணை தொட்டில புதைச்சு வச்சு ஒரு வருஷம் கழிச்சுத் தோண்டினா, கழுவினா காபி குடிக்கலாம்ங்கற மாதிரி சிரிச்சுட்டு இருக்கு. பிஎல்ஏன்னு சொல்ற, சோளம் மாதிரி செடிலேர்ந்து செய்யற அந்த பிளாஸ்டிக் வகை மக்கறதுக்கு கிட்டத்தட்ட 60 டிகிரி சூடு நாள்கணக்குல வேணும், அது குப்பையை மக்க வைக்கற பெரிய ஆலைல தான் கிடைக்கும். வீட்டுத் தொட்டில கிடைக்காது, குப்பை மேட்டுலயும் கிடைக்காது.

தொட்டின்னதும் வீட்டுக் குப்பையை மக்க வச்சு உரம் போடறதைப் பத்திச் சொல்லணும், ஏன்னா இதுல தான் பாதிப்பேர் ஒரே மாசத்துல கைகழுவிடறாங்க. நானும் மொதல் தடவை விட்டுட்டேன். பண்ணின தப்பு ரொம்ப சிம்பிள், காய்கறித் தோல், பழத்தோல்னு ஈரமா இருக்கறதை மட்டும் போட்டுப் போட்டு மூடியை இறுக்கி மூடி வச்சுட்டேன். பத்தாவது நாள் மூடியைத் தொறந்தா வாசல் வரைக்கும் நாத்தம். நாத்தம் வந்தா உள்ள காத்து இல்லன்னு அர்த்தம், காத்தில்லாம வாழற கிருமி தான் அந்த வாடையைக் கிளப்புது. மக்கறதுக்கு கார்பனும் நைட்ரஜனும் சுமாரா 30க்கு 1ங்கற விகிதத்துல இருக்கணும்னு சொல்வாங்க (காஞ்சதுல கார்பன் ஜாஸ்தி, ஈரமானதுல நைட்ரஜன் ஜாஸ்தி), அதுக்காக தராசு எல்லாம் எடுக்க வேண்டாம். ஒரு கை ஈரக் குப்பை போட்டா ரெண்டு மூணு கை காஞ்ச இலையோ, கிழிச்ச அட்டையோ, மரத்தூளோ போட்டு மூடுங்க. வாரம் ஒரு தடவை கிளறி விடுங்க. ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது, பிழிஞ்சு வச்ச துணி மாதிரி ஈரம் இருந்தாப் போதும். சொட்டுச்சா, இன்னும் இலை போடுங்க. பொடிப்பொடியா உதிருதா, கொஞ்சம் தண்ணி தெளிங்க. இதுக்கு மேல இதுல சூட்சுமம் எதுவும் இல்ல. கொழுகொழுன்னு புழு நெளியுதுன்னு பயந்து மொத்தத்தையும் கொட்டிடாதீங்க, பெரும்பாலும் அது பிளாக் சோல்ஜர் ஈயோட புழு, கடிக்காது, நோய் பரப்பாது, நம்மள விட வேகமா வேலை பாக்கும். ஈரம் ஜாஸ்தியா இருக்குன்னு சொல்ல வந்த ஆளுன்னு வச்சுக்கோங்க.

ஆனா உரம் போட ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு புதுத் திமிர் வந்துச்சு, சாப்பாடு வீணானா கவலையே இல்லாம "தொட்டிக்குத் தானே போகுது"ன்னு. ஐநாவோட சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குப்படி 2022ல மட்டும் உலகத்துல வீணான உணவு 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீணானது வீடுகள்ல. ஓட்டல், கல்யாணம்னு ஊரைக் கை காட்டிட்டு இருக்கோம், கை நம்ம பக்கம் தான் திரும்புது. அந்த சாப்பாட்டை விளைவிச்ச தண்ணி, டீசல், உழைப்பு எதையும் உரத்தொட்டி திருப்பித் தராது. குப்பை மேட்டுக்குப் போனா இன்னும் மோசம், அங்க காத்து இல்லாம அழுகி மீத்தேன் வரும், 100 வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்சைடை விட 28 மடங்கு சூடேத்தும். வீட்ல நடக்கற தப்பு எல்லாம் சின்னச் சின்னது தான், புதுசா வாங்கினதை முன்னாடி வச்சு பழசை ஃபிரிட்ஜோட மூலைக்குத் தள்றது, 4 டிகிரில இருக்க வேண்டிய ஃபிரிட்ஜை ஏனோதானோன்னு வைக்கறது, அப்புறம் அந்த தேதி. "பெஸ்ட் பிஃபோர்"னா அந்த தேதி வரைக்கும் ருசியும் தரமும் நல்லா இருக்கும்னு அர்த்தம், தாண்டினா முகர்ந்து பாத்து முடிவு பண்ணலாம். "யூஸ் பை"னா தான் பாதுகாப்பு விஷயம், அதுல விளையாடாதீங்க. நான் ரெண்டையும் ஒண்ணா நெனச்சு எத்தனை பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேனோ.

கரண்ட் விஷயத்துல நான் பண்ணினது காமெடி. ராத்திரி எழுந்து வந்து போன் சார்ஜரைக் கழட்டிட்டுத் தான் படுப்பேன், அவ்வளவு பெருமை. ஒரு நல்ல புது சார்ஜர் சும்மா மாட்டியிருந்தா 0.1 வாட் கிட்ட தான் இழுக்கும், வருஷம் முழுக்க மாட்டியே வச்சிருந்தாலும் ஒரு யூனிட் கூட வராது. அதே நான் 2,000 வாட் கீசரைப் போட்டுட்டு மறந்து போய் கால் மணி நேரம் கழிச்சு தான் குளிக்கப் போவேன், அது தினம் அரை யூனிட். சார்ஜர்ல ஒரு வருஷம் மிச்சம் பிடிச்சது கீசர்ல ரெண்டு நாள்ல காலி. குடம் ஒழுகுது, நான் டம்ளரைத் துடைச்சிட்டு இருந்திருக்கேன். எது பெருசுன்னு ஒரு தடவை உக்காந்து கணக்குப் போடுங்க, சூடு பண்றது, குளிர வைக்கறது, வண்டி, விமானம், இதுல தான் பெரும்பகுதி இருக்கும். டிவி பெட்டிக்குப் பக்கத்துல எப்பவும் சூடா இருக்கற அந்த செட் டாப் பாக்ஸையும் தொட்டுப் பாருங்க, 10 வாட்டை சும்மாவே இழுத்தா வருஷத்துக்கு 87 யூனிட்.

எல்ஈடி மாத்தினதும் லைட்டை அணைக்கறதையே விட்டுட்டேன், "அது கம்மியா தானே இழுக்கும்"னு. இது ஒண்ணும் புது வியாதி இல்ல, ஜெவோன்ஸ்னு ஒரு பொருளாதார ஆசாமி 1865லயே நிலக்கரியைப் பத்தி இதைச் சொல்லிட்டார், இன்ஜின் சிக்கனமாக சிக்கனமாக நிலக்கரி செலவு கூடத் தான் செய்யுதுன்னு.

இனிமே சொல்றது பொருள் பத்தி இல்ல, ஆள் பத்தி. நம்மகிட்ட யாரும் இதைப் பேசறதில்ல. வீட்ல "நாம இனிமே குப்பையே போட மாட்டோம்"னு அறிவிக்கறது ஒருத்தர், ஜாடி கழுவறது, பை துவைக்கறது, எது எந்த தொட்டின்னு ஞாபகம் வைக்கறது இன்னொருத்தர். எங்க வீட்ல ஆறு மாசம் அப்படித் தான் ஓடுச்சு, ஒரு நாள் சிங்க்ல ஜாடி குமிஞ்சு கிடந்தப்ப "கொள்கை உங்களுது, ஸ்க்ரப்பர் என்னுதா?"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அன்னிலேர்ந்து ஜாடி என் வேலை, கழுவ ஆரம்பிச்சதும் வாங்கற ஜாடி எண்ணிக்கை தானா குறைஞ்சிடுச்சு. யாருக்கு வேலை கூடுதுன்னு பாக்காம எடுக்கற எந்த முடிவும் நாள்பட நிக்காது.

அதே மாதிரி தான் குப்பை எடுக்கறவங்களும். கதவுக்கு வெளில வச்சதும் நமக்கு அது மறைஞ்சு போச்சு, அங்க ஒரு மனுஷன் கையை விட்டுப் பிரிக்கறார். உடைஞ்ச கண்ணாடியை அப்படியே போடாதீங்க, தடிமனா பேப்பர்ல சுத்தி மேல எழுதி வைங்க. நாப்கின், டயப்பரைத் தனியா சுத்திக் கொடுங்க. பேட்டரியை, முக்கியமா போன், பவர் பேங்க்ல இருக்கற லித்தியம் பேட்டரியை சாதாரண குப்பைல போடவே போடாதீங்க, லாரில நசுங்கினா தீப்பிடிக்கும், நெஜமாவே பிடிக்குது.

இன்னொருத்தர் கையில பிளாஸ்டிக் பாட்டிலைப் பாத்தா பாடம் எடுக்கற பழக்கமும் எனக்கு இருந்துச்சு. அதனால ஒருத்தர் கூட மாறல, ரெண்டு பேர் என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. "எல்லாம் நம்ம தனித்தனி ஆளோட தப்பு தான்"ங்கற எண்ணம் நமக்குள்ள எப்படி இவ்வளவு ஆழமாப் போச்சுன்னு தேடினா சிரிப்பு வருது, உன் கார்பன் தடத்தை, அதாவது உன்னால வர்ற மொத்தப் புகையை, நீயே கணக்குப் போடுன்னு 2000கள்ல உலகம் முழுக்க விளம்பரம் பண்ணினது பிபிங்கற எண்ணெய் கம்பெனி. அதுக்காக நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுடறதும் சோம்பேறித்தனம் தான். ஆபீஸ்ல கூட்டத்துக்கு சின்ன சின்ன பாட்டில் வாங்கறதை நிறுத்திட்டு ஒரு கேன், நாலு டம்ளர் வைக்கலாமான்னு ஒரு மெயில் போட்டேன், ரெண்டு வாரத்துல மாத்திட்டாங்க. நான் வீட்ல ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு மிச்சம் பிடிச்சதை விட அது ஜாஸ்தி.

போன் விஷயத்துல மட்டும் நான் இன்னும் முழுசா தேறல. ஒரு போனால வர்ற மொத்தப் புகைல பெரும்பகுதி அதைச் செய்யும்போதே வந்துடுது, நாம சார்ஜ் போடறதுல வர்றது கொஞ்சம் தான், அதனால எவ்வளவு வருஷம் இழுக்கறமோ அவ்வளவு நல்லது. பேட்டரி மட்டும் மாத்தி இது அஞ்சாவது வருஷம் ஓடுது. ஸ்க்ரீன் ஓரத்துல ஒரு விரிசல், கேமரா கொஞ்சம் மங்கல். புது மாடல் விளம்பரம் வந்தா இப்பவும் கை அரிக்குது, ரெண்டு தடவை கார்ட்ல போட்டு எடுத்தாச்சு.