வீட்டிலேயே பல் வெளுத்த கதை

காபியும் டீயும் வருஷக்கணக்கில் குடித்ததில் என் முன்பற்கள் மஞ்சளாகிவிட்டன. முதலில் கரித்தூள் பேஸ்ட் வாங்கித் தேய்த்தேன். மேலே படிந்த கறை கொஞ்சம் போனது, அவ்வளவுதான். பல்லின் நிறம் மாறவில்லை. தொடர்ந்து தேய்த்தால் எனாமல் தேயும் என்று பல் மருத்துவர் சொன்னதும் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் அவர் என் பல்லுக்கு அளவெடுத்து, பல் மேல் உறை மாதிரி மாட்டிக்கொள்ளும் ட்ரே செய்து, 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல் கொடுத்தார். அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் எனாமலுக்குள் ஊடுருவி நிறத்தை வெளுக்கிறது. ட்ரேயில் பல்லுக்கு ஒரு சிறு துளி ஜெல் வைத்து, இரவு முழுவதும் மாட்டியிருக்க வேண்டும். ஈறில் வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் துடைக்காமல் விட்டேன், ஈறு ஓரம் வெள்ளையாகி எரிந்தது. நான்காம் நாள் தண்ணீர் பட்டாலே சுரீரென்று கூசியது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றி, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டால் தேய்த்தேன், கூச்சம் அடங்கியது.

மூன்று வாரத்தில் மஞ்சள் நன்றாகவே குறைந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆனால் முன்பல்லில் இருந்த பழைய ஃபில்லிங் வெளுக்கவே இல்லை, திட்டாகத் தெரிந்தது. வெளுத்த உடனே புதிது வைத்தால் சரியாக ஒட்டாதாம். இரண்டு வாரம் கழித்துத்தான் மாற்றினார்.