துவாமொத்து பவளப்பாறைகளுக்கு நடுவே சிறு பாய்மரப் படகை ஓட்டிச் செல்ல

பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமொத்துக் கூட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட வளையத்தீவுகள் உண்டு; ஒவ்வொன்றும் நடுவே காயலைச் சுற்றி வளையமாக நிற்கும் பவளத் திட்டு. அநேகமாக எதிலும் குன்று, மேடு கிடையாது. தென்னை உச்சி கண்ணில் படும்போதே தீவுக்குச் சில மைல்தான் மிச்சம்; இரவில் அந்த அடையாளமும் இல்லை. மார்க்கேசஸ் தீவுகளிலிருந்து பல நாள் ஓடி வந்து, மாலை ஐந்து மணிக்கு முகத்துவாரத்தை, அதாவது காயலுக்குள் போகும் திறப்பை, எட்டினால் உள்ளே போகாதீர்கள். பாயைச் சுருக்கி, தீவின் காற்று மறைவில் பல மைல் தள்ளி நின்று விடியலுக்குக் காத்திருங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.

முதலில் முகத்துவாரம். இங்கே ஏற்றவற்றம் ரொம்பச் சிறியது, அரை மீட்டர் அளவுதான். அதனால் அட்டவணையைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. தெற்கிலிருந்து பெரிய அலை வரும் நாட்களில் அது திட்டின்மேல் ஏறி, காயலுக்குள் இடைவிடாமல் தண்ணீரைக் கொட்டுகிறது. அவ்வளவும் வெளியேற ஓரிரண்டு முகத்துவாரம்தான் வழி. அந்த நாட்களில் நீரோட்டம் பல மணி நேரம் வெளிநோக்கியே ஓடும். அட்டவணை சொல்லும் நேரத்தில் ஓட்டம் நிற்காது. ரங்கிரோவாவின் திப்புத்தா, ஃபகராவாவின் கருவாயி இரண்டிலுமே இது பலமாக இருக்கும். கருவாயி ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் அகலமானது, ஆனாலும் ஓட்டம் கடுமை.

ஆகவே வெளியே நின்று தொலைநோக்கியில் பாருங்கள். ஓட்டம் வெளியே வர, காற்று எதிரே அடித்தால், அலை முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே எழுந்து எழுந்து விழும். அதற்குள் படகைக் கொண்டுபோகக் கூடாது. நீர்ப்பரப்பு வழவழவென்று ஆனதும் போங்கள். எதிரோட்டம் லேசாக, ஒன்று இரண்டு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்தால் நல்லதுதான்: என்ஜின் ஐந்து நாட் தள்ளினாலும் தரையைப் பொறுத்து மூன்று நாட்தான் நகர்வீர்கள், சுக்கானும் நன்றாகக் கேட்கும். அதே ஓட்டம் பின்னால் தள்ளினால் ஏழு நாட். தவறு தெரிந்து திருப்புவதற்குள் பாறை வந்துவிடும். நுழையுமுன் டீசல் வடிகட்டியைப் பாருங்கள். கடலில் குலுங்கிய தொட்டியின் அடிக்கசடு சரியாக இந்த நேரத்தில்தான் வந்து அடைக்கும். நங்கூரம் போடத் தயாராக இருக்கட்டும். பாயும் உடனே ஏற்றும் நிலையில் இருக்க வேண்டும். சிவப்பு மிதவை உள்ளே போகும்போது இடப்பக்கம். அமெரிக்கக் கரைகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ்.

காயலுக்குள் வழிகாட்டுவது கண்தான். ஆழமானி இங்கே உதவாது. அது படகுக்குக் கீழே உள்ளதைத்தான் சொல்லும். பாறையோ முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து சுவர்போல நேராக எழுந்து நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நிற்கும். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை ஓட்டுங்கள். வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும். மேற்கே போக வேண்டியது காலையில், கிழக்கே போக வேண்டியது பிற்பகலில். போலராய்டு கண்ணாடி போட்ட ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்கட்டும், பாய்மரத்தின் குறுக்குக்கட்டையில் ஏறினால் இன்னும் நல்லது. காற்றில் கத்தினால் கேட்காது. கை காட்டும் திசைக்குத் திருப்புவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எப்போதும் போக வேண்டிய பக்கத்தையே காட்ட வேண்டும், பாறை இருக்கும் பக்கத்தை அல்ல.

கருநீலம் என்றால் ஆழம். வெளிர் பச்சைநீலம் மணல், சில மீட்டர். பழுப்பு என்றால் பாறை, திருப்புங்கள். தனிப்பாறையை அருகில் பார்த்தால் நடுவே தேன்பழுப்பு, அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள்பச்சை விளிம்பு, உடனே நீலம். இடையில் படிப்படியான நிறம் இராது. அந்த வெட்டுதான் அடையாளம். மேகம் வெயிலை மறைத்தால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும், அப்போது நின்றுவிடுங்கள். முத்துப் பண்ணைகளின் மிதவைக் கயிறுகளையும் கவனியுங்கள், என்ஜினின் உந்துவிசிறியில் சுற்றிக்கொள்ளும்.

செயற்கைக்கோள் படங்களை முன்பே இறக்கி, ஓப்பன்சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் இணையத்தை நம்ப முடியாது. மேக நிழலும் படத்தில் பாறைபோலத் தெரியும் என்பதால் இரண்டு வெவ்வேறு மூலப் படங்களை ஒப்பிடுங்கள். போன வழித்தடத்தைப் பதிந்து வையுங்கள். இரவில் காற்று திரும்பி நீண்ட காயலின் அலை உங்களைக் கரைமேல் தள்ளினால், வெளிச்சமில்லாமல் வெளியேற அந்தத் தடம் ஒன்றே வழி.

நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். பவளத்தில் விழுந்த சங்கிலி, பல பத்தாண்டு வளர்ந்ததை ஓரிரவில் நொறுக்கும். படகுக்கும் கேடு, காற்று திரும்பினால் பாறையில் சுற்றிக் குட்டையாகி வெட்டி இழுக்கும். சங்கிலியை மிதக்க விடுவதுதான் மருந்து. பத்து மீட்டர் ஆழத்தில் நாற்பது மீட்டர் சங்கிலி விடுவதாகக் கொண்டால், நங்கூரத்திலிருந்து முதல் பதினைந்து மீட்டர் அடியில் கிடக்கட்டும். பிறகு 15, 21, 27 மீட்டரில் ஒவ்வொரு மிதவை கட்டுங்கள். 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, அதற்கு 25 செ.மீ. விட்டமுள்ள மிதவை போதும். 10 மி.மீ. என்றால் 30 செ.மீ. வேண்டும். காற்றடைத்த மிதவை ஆழத்தில் சுருங்கிவிடும், கெட்டியான பிளாஸ்டிக்கே சரி. கொக்கியில் மாட்டி வைத்தால் தூக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மாட்டியதும் கண்ணாடி போட்டு நீந்திப் பாருங்கள். இரவில் சங்கிலி வழியே கரகரவென்ற உரசல் கேட்டால், எங்கோ ஓரிடம் பாறையைத் தொடுகிறது. விடிந்ததும் மிதவையை இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள்.