40 மி.மீ. மடியிலும் குஞ்சு மீன் ஏறுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைப்படகு இழுவலையின் பின்கோடியில் மீன் சேரும் பைதான் மடி; அதன் கண்ணி (வலைக் கண்) 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அளந்து பார்த்தால் 40 இருக்கிறது, அப்புறம் குஞ்சு மீன் தானாகத் தப்பிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கண்ணியை நன்றாக இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே எடுக்கும் அளவு அது. அப்படி இழுத்த நிலையில் நூல்கள் ஒட்டிக்கொள்ளும், ஓட்டையே இருக்காது. கடலுக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

வெங்காயம் போட்டுத் தரும் வலைப்பையைத் தூக்கிப் பாருங்கள். வெங்காயம் பிதுங்கும் இடத்தில் கண்ணி விரிந்திருக்கும், ஆனால் வெங்காயமே அதை அடைத்திருக்கும். அதற்கு மேலே பை ஒடுங்கிக் கண்ணி மூடிக் கிடக்கும். வழக்கமான டைமண்ட் (சாய்சதுர) கண்ணி மடியும் இப்படித்தான். மீன் குவியலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சில வரிசைக் கண்ணிகளில்தான் வெளியேற வழி. மடியின் சுற்றளவில் கண்ணிகளைத் தேவைக்கு மேல் சேர்த்தால் அந்த வழியும் குறுகும். தடித்த நூல், இரட்டை நூல் போட்டாலும் அதே கதைதான். 'கிழியாமல் இருக்கட்டும்' என்று மடிமேல் இன்னொரு வலையைப் போர்த்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சதுரக் கண்ணியில் நூல் இழுவிசையின் திசையிலேயே ஓடுவதால், பாரம் ஏறினாலும் கண் திறந்தே இருக்கும். 40 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 20 மி.மீ. திறப்பு. கேரளம் கேட்பது 35 மி.மீ. சதுரக் கண்ணி. எண்ணைப் பார்த்து அது 40-ஐவிட மோசம் என்று முடிவுகட்டுவதும் தவறுதான். ஆனால் சாதாரண முடிச்சு வலையைத் திருப்பி வெட்டித் தைத்துவிட்டால் போதாது. பாரத்தில் முடிச்சு நகர்ந்து கண் கோணிப்போகும். இதற்கு முடிச்சில்லாத வலையே நல்லது. கிழிசலை அவசரமாக டைமண்ட் துண்டால் ஒட்டுப்போட்டால் அந்த இடம் இழுபட்டுச் சுருங்கும்.

எல்லா மீனுக்கும் ஒரே கண் பொருந்தாது. கிளிமீன் போல உருண்ட உடலுக்குச் சதுரம் நல்லது. நாக்குமீன் போன்ற தட்டை மீனுக்கு டைமண்டே வசதி. எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கேரளம் கிளிமீனுக்கு 12 செ.மீ., மத்திக்கு 10 செ.மீ. என்று குறைந்தபட்ச நீளம் வைத்திருப்பது இதற்கு உதவும். நீண்ட நேரம் இழுப்பதும் கெடுதல். மடி நிறைய நிறையக் குஞ்சுகள் நசுங்கும். தப்பினாலும் செதில் போன மீன் பிழைப்பது சந்தேகம்.

அதிகாரிகள் பக்கத்துத் தவறு வேறு. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் காட் மீனுக்காக 2002-ல் கண்ணளவை ஒரேயடியாகக் கூட்டினார்கள். விற்கக்கூடிய மீனும் தப்பியதால், மீனவர்கள் வலையில் தில்லுமுல்லு செய்து கண்ணை அடைத்தார்கள். 2003-ல், சிறுமீன் தப்புவதற்காக மடியின் மேற்பக்கத்தில் வைக்கும் சதுரக் கண்ணி ஜன்னலின் கண்ணளவை 120-லிருந்து 110 மி.மீ.க்கு இறக்க வேண்டியதாயிற்று. இங்கும் கழிசல் மீனை (சாப்பாட்டுக்கு விலைபோகாத சிறுமீனை) வாங்க மீன்மாவு ஆலை காத்திருக்கிறது; கண்ணியைப் பெரிதாக்கச் சொன்னால் படகுக்காரர் முதலில் பார்ப்பது அன்றைய டீசல் கணக்கைத்தான். ஆகவே ஒரே கடற்பரப்பில் பழைய மடியையும் புதிய மடியையும் மாற்றி மாற்றி இழுத்து, இறால் எவ்வளவு, கிளிமீன் எவ்வளவு, குஞ்சு எவ்வளவு என்று படகுத் தளத்திலேயே எடைபோட்டு அவர்களுக்குக் காட்ட வேண்டும்.